சான்றிதழ் இருக்கிறது, வகுப்பில்தான் திணறுகிறார்கள்

உங்கள் துறையில் ஆசிரியர்கள் ஆறு பேரும் ஐந்து நாள் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தும், மாணவர் "ஏன்" என்று கேட்டால் திணறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நாளும் ஸ்லைடு பார்த்திருப்பார்கள், வேறென்ன! நானும் அப்படி ஒரு சான்றிதழ் வாங்கியவன்தான்.

இன்னொரு பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் பாடம் எடுக்கட்டும், மற்ற ஐவரும் மாணவராக உட்கார்ந்து குடைந்து குடைந்து கேட்கட்டும். தொடங்குவதற்கு, புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் பயன்படுத்திய ஐரிஸ் பூத் தரவு போதும். 150 பூக்கள், நான்கு அளவுகள், மூன்று இனங்கள். பைத்தான் நிரல்மொழியின் ஆயத்த நிரல்களைத் தொடும் முன், தாளில் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செட்டோசா என்ற இனம் அல்லி இதழ் நீளத்திலேயே தனியாகப் பிரிந்துவிடும். மற்ற இரண்டும் கலந்து கிடக்கும். எங்கே கோடு போடுவது என்று ஆறு பேரும் சண்டை போடும்போதுதான் வகைப்படுத்தல் புரியும்.

அப்புறம் இதைக் கொடுங்கள்: 1000 பேரில் 10 பேருக்கு நோய். எல்லோரையும் "நோயில்லை" என்று சொல்லும் மாடல் 99% சரி. அதனால் என்ன பயன்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் வகுப்பில் சமாளித்துவிடுவார்.

அணிப்பெருக்கல், பகுதி வகையிடல், நிகழ்தகவு மறந்தவர்களுக்குக் கணிதத் துறை நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். மூளை நரம்பு வலையைப் பார்த்து அமைத்த மாடலான நியூரல் நெட்வொர்க்கை அதுவரை தள்ளி வையுங்கள்.