தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஆங்கிலப் பயிற்சி போதுமா?

சிங்கப்பூரில் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன், எல்லாருக்கும் ஒரே இலக்கணத் தாள் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் திருத்தும்போது பிழையின் வேரைப் பாருங்கள். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது; 'நேற்று' என்றாலே விஷயம் முடிந்தது. அதனால்தான் 'யெஸ்டர்டே ஐ கோ' வருகிறது. மலாயில் பன்மை வேண்டுமென்றால் சொல்லையே இரட்டிக்கலாம்: 'புக்கு-புக்கு', புத்தகங்கள். அதனால் ஆங்கிலப் பன்மையின் 's' விட்டுப்போகலாம். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ, காலத்துக்கேற்ப வினை மாறுவதும் பன்மைக்கு விகுதி சேர்ப்பதும் பழக்கம்தான். 'தி' எங்கே போடுவது என்பதில்தான் தடுமாறுவார்கள், தமிழில் அதற்கு நேர்ச்சொல் கிடையாதே!

இன்னொன்று. 1987 முதல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி, பல வீடுகளிலும் அதுதான் பேச்சு. ஆகவே எல்லாப் பழியையும் தாய்மொழிமேல் போடாதீர்கள், பாதி சிங்லிஷ், அதாவது சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலம். பிள்ளை 'கேன் லா' ('முடியும்') என்றால் அதட்டாமல், நண்பனிடம் இப்படி, தேர்வில் அப்படி என்று பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.