ஐஸ் மேல் மீன்பிடிக்க எந்த ரீல்? கேள்வி பதில்

இந்தக் குளிருக்கு கனடாவின் சிம்கோ ஏரியில் இறங்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

கேள்வி: அண்ணா, கோடையில் வைத்திருந்த ஸ்பின்னிங் ரீலையே கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் கிரீஸை மாற்றுங்கள். கெட்டி கிரீஸ் மைனஸ் 15இல் மெழுகுபோல இறுகிவிடும், கைப்பிடி கனக்கும், அதைவிட மோசம், பின்னால் சுற்றாமல் தடுக்கும் உருளைகள் ஒட்டிக்கொண்டு, மீன் கொத்தி நீங்கள் கம்பைச் சுண்டும் நேரத்தில் கைப்பிடி சர்ரென்று பின்னால் ஓடும். கழற்றித் துடைத்துவிட்டு, குளிருக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடுங்கள். அப்புறம் டிராக், அதாவது மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக். பெர்ச் என்ற சின்ன மீனுக்கு 4 பவுண்டு தாங்கும் தங்கூசிதான் போடுவீர்கள், கம்பும் குட்டை, டிராக் ஒரு கணம் தயங்கினாலும் அறுந்துவிடும். ரீலை இரவு ஃப்ரீசரில் வைத்துக் காலையில் நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். விட்டு விட்டு வந்தால் அந்த ரீல் வேண்டாம்.

கேள்வி: எத்தனை பேரிங் இருக்க வேண்டும்?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நல்ல பேரிங் நான்கு போதும்.

கேள்வி: ஜிக் (பாரம் வைத்த தூண்டில் முள்) பம்பரமாகச் சுற்றுகிறது. பெர்ச் கிட்டே வந்து திரும்பிப் போவது கேமராவில் தெரிகிறது.

ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் நிற்கும், பெயில் கம்பிதான் நூலைச் சுற்றும், அதனால் நூலில் முறுக்கு ஏறும். எடை குறைந்த ஜிக் அந்த முறுக்கை அவிழ்த்தபடி சுழலும். இன்லைன் ரீலில் ஸ்பூலே உருள்வதால் இந்தத் தொல்லை இல்லை. அதை வாங்குங்கள்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. 80 அடியில் லேக் ட்ரௌட் மீன் பிடிக்கிறோம். இன்லைனில் சுற்றி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

ஆழத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே ஜிக்கும் பாரம், சுழற்சி பெரிதாகத் தெரியாது, ஸ்பின்னிங்கே போடுங்கள். நான் சொன்னது ஆழமில்லாத இடத்துப் பெர்ச்சுக்கு.

கேள்வி: நூலில் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டினால் முடிந்தது, எதற்கு இன்னொரு ரீல்?

பாரமான ஜிக்குக்குச் சரி. சின்ன ஜிக்கின் இழுவை ஸ்விவலைத் திருப்பவே போதாது. கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வி: பத்து பேரிங் ரீல் நல்லதா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: குடிலுக்குள் ஹீட்டர் இருக்கிறது. அப்போதும் கிரீஸ் மாற்ற வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும். குளிர்ந்த ரீலை உள்ளே கொண்டுவந்தால் வேர்க்கும், வெளியே எடுத்ததும் அந்த ஈரம் உறையும், பழைய கிரீஸும் மறுபடி இறுகும். தயவுசெய்து கிரீஸை மாற்றுங்கள்.

கேள்வி: ஐஸ் எவ்வளவு தடிப்பு வேண்டும்?

ரீல் கேள்வி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். தெளிந்த ஐஸ் 4 அங்குலமாவது இல்லாமல் காலை வைக்காதீர்கள். வெள்ளை ஐஸ் என்றால் அதன் இரட்டிப்பு. போகப் போகத் துளைத்து அளந்துகொண்டே நடவுங்கள்.