ஒரே கட்டுத்தறியில் ஆறு குதிரைகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் குதிரை வளர்க்கிறோம். இப்போது மார்வாரி பெட்டை இரண்டு, கத்தியவாரி ஆண் ஒன்று, மட்டக்குதிரை இரண்டு, வயதான பெட்டை ஒன்று என மொத்தம் ஆறு. எல்லாவற்றுக்கும் ஒரே தீனிதான் போடுகிறோம். மட்டக்குதிரைகள் கொழுத்துக் கிடக்கின்றன. குட்டி போட்டு இரண்டு மாதமான பெட்டையும் கிழட்டுப் பெட்டையும் இளைத்துக்கொண்டே போகின்றன. கொள்ளைக் கூட்டிப் போடலாமா?
- வாசகர், அந்தியூர்

பதில்: பொதுத் தொட்டியில் கொள்ளைக் கூட்டினால் மட்டக்குதிரைகள்தான் இன்னும் கொழுக்கும். கூட்டமாக நிற்கும் குதிரைகளில் அதட்டுகிற குதிரை முதலில் தின்னும், ஒதுங்கி நிற்பது மிச்சத்தைத் தின்னும். இளைத்தவை இரண்டும் வாய் வைப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும். எனவே அளவை மாற்றும் முன் தீனி போடும் முறையை மாற்றுங்கள். சோளத்தட்டையும் புல்லையும் ஆறு குதிரைக்கு ஏழு குவியலாக, பத்தடிக்கு மேல் இடைவெளி விட்டுப் போடுங்கள். விரட்டப்பட்ட குதிரைக்குப் போய் நிற்க ஒரு குவியல் மிஞ்சும். அடர்தீவனத்தை (தானியம், கொள்ளு, தவிடு கலந்த தீனி) குதிரைகளைத் தனித்தனியாகக் கட்டி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஜட்கா வண்டிக்காரர்கள் முகத்தில் மாட்டிவிடுகிற பை இதற்கு மிகவும் தோதானது. கிழட்டுப் பெட்டை தின்று முடிக்கும்வரை மற்றவற்றை அவிழ்க்கக் கூடாது.

அடுத்து, கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். உள்ளங்கையை விலாவின் மேல் அழுத்தாமல் ஓட்டுங்கள். எலும்புகளை எண்ண முடிந்தால் குதிரை மெலிந்திருக்கிறது. லேசாக அழுத்தும்போது தட்டுப்பட்டு, பார்வைக்குத் தெரியாமல் இருந்தால் சரியான உடம்பு. அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் கொழுப்பு ஏறிவிட்டது. இதேபோலக் கழுத்து, தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு), தோளின் பின்புறம், முதுகு, வாலடி ஆகியவற்றையும் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை 1983-இல் அறிமுகமாகி, இன்று பல நாடுகளில் வழக்கில் இருக்கிறது. 5 என்பது நல்ல உடம்பு. வயிற்றைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். சத்தில்லாத வைக்கோலும் குடற்புழுவும் சேர்ந்தால் வயிறு தொங்கும், முதுகெலும்பு துருத்தும். பார்க்கிறவர்கள் அதையும் "நல்ல கொழுத்த குதிரை" என்பார்கள்.

குட்டி போட்ட பெட்டைக்கு முதல் மூன்று மாதம் பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும். சும்மா நிற்கிற குதிரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்து தேவைப்படும். 340 கிலோ எடையுள்ள தாய்க்கு ஒரு நாளைக்கு: காய்ந்த சோளத்தட்டு 5 கிலோ, பச்சைப்புல் 10 கிலோ, பச்சைக் குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப்பயிர்) 8 கிலோ, அடர்தீவனம் 2 கிலோ. அடர்தீவனத்தை மூன்று வேளையாகப் பிரியுங்கள். பாதி உடைத்த ஓட்ஸ் அல்லது பார்லி, கால் பங்கு கொள்ளு, மீதி தவிடும் கடலைப்பொட்டும் இருக்கலாம். கொள்ளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நம் வெயிலில் மறுநாள் புளித்துவிடும். கொள்ளில் புரதம் மிகுதி. ஆனால் உடம்பு தேற வேண்டியது எரிசக்தியால். அதற்குத் தவிட்டு எண்ணெயோ கடலை எண்ணெயோ 25 மில்லியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 100 மில்லிவரை கூட்டலாம். எந்த மாற்றமானாலும் 7 முதல் 10 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுவலி வரும்.

கிழட்டுப் பெட்டையின் பல்லைக் காட்டுங்கள். தொட்டியடியில் மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தாலோ, சாணத்தில் விரல் நீளத்துக்கு நார் தெரிந்தாலோ பல்தான் காரணம். குதிரையின் கடைவாய்ப்பல் தேயத்தேய வளர்ந்துகொண்டே இருக்கும். ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். கால்நடை மருத்துவர் வாய்திறப்பான் போட்டு அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவார். வருடம் ஒருமுறை இது ஆறு குதிரைக்கும் வேண்டும். தேய்த்த பிறகு அந்தப் பெட்டைக்குத் தட்டைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கொடுங்கள்.

பல் சரியாக இருந்தும், தனியாக வைத்துத் தீனி போட்டும் தேறவில்லை என்றால் சாணத்தைப் புழுமுட்டைப் பரிசோதனைக்கும், ரத்தத்தைச் சர்ரா நோய்ப் பரிசோதனைக்கும் கொடுங்கள். சர்ரா, கடிக்கும் ஈக்களால் பரவுவது. காய்ச்சல் வந்து வந்து போகும், அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோக்கும், நன்றாகத் தின்றுகொண்டே குதிரை கரையும். எவ்வளவு தீனி கொட்டினாலும் மருந்தில்லாமல் தீராது.

கேள்வி: எடைமேடைக்கு ஏற்றிப் போக வசதி இல்லை. வீட்டிலேயே எடையைக் கணக்கிட முடியுமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தையல்காரர் நாடா போதும். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால், முன்னங்காலை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். மூச்சை விடும்போது படியுங்கள். பிறகு முன்தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனைவரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் 323 கிலோ. குட்டிக்கும் நிறைசினைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மாதம் ஒருமுறை, அதே ஆள், அதே நேரத்தில் எடுத்துச் சுவரிலோ நோட்டிலோ எழுதிவையுங்கள். பத்து கிலோ முன்பின் இருந்தாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெளிவாகத் தெரியும். அதுதான் முக்கியம்.

கேள்வி: மட்டக்குதிரை பெருத்துவிட்டது. இரண்டு நாள் பட்டினி போட்டால் இளைக்குமா?
- வாசகர், உடுமலை

பதில்: பட்டினி மட்டும் போடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கரைந்து ஈரலைக் கெடுத்து, உயிருக்கே ஆபத்தாகும். தானியத்தை முழுக்க நிறுத்துங்கள். 200 கிலோ குதிரைக்குக் காய்ந்த தட்டு மூன்றேகால் கிலோ, நாலைந்து வேளையாக. கூடவே தாது உப்புக் கலவை, 20 கிராம் கல்லுப்பு, தாராளமாகத் தண்ணீர். தினமும் நடை, ஓட்டம். பிடரிமேடு விறைத்துக் கெட்டியாகி, குளம்பு சூடாக இருந்து, முன்னங்காலை முன்னே நீட்டிப் பின்னங்காலில் பாரம் போட்டு நின்றால் அது குளம்பு அழற்சி. அப்போது ஓட்டக் கூடாது. அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கோ-4 புல்லும் கோதுமைத் தவிடும்தான் எங்கள் குதிரைகளுக்குத் தீனி. ஒன்றுக்கு முகம் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. கால் மாற்றிமாற்றி நொண்டுகிறது, மெலிகிறது. ஏன்?
- வாசகர், தாராபுரம்

பதில்: நீங்கள் சொல்வது சுண்ணாம்புச்சத்துக் குறைவின் அடையாளம். மாட்டுக்கு அருமையான கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் குடலில் சேரவிடாது. மாட்டுக்கு இரைப்பை நுண்ணுயிர்கள் அதை முறித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டிலோ பாஸ்பரஸ் சுண்ணாம்புச்சத்தைப்போலப் பல மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும், இடத்தில் நார்த்திசு நிரம்பி முகம் புடைக்கும், பல் ஆடும், மெல்ல வலிக்கும். மெலிவு அதனால்தான். கோ-4-ஐ பச்சைத்தீனியில் பாதிக்குக் கீழே இறக்கி, குதிரைமசாலும் அருகும் கலந்து கொடுங்கள். தவிடு ஒரு நாளைக்கு கால் கிலோவைத் தாண்ட வேண்டாம். தீவனத்தரச் சுண்ணாம்புத் தூள் தினம் 30 கிராம் தீனியில் ஈரம் தெளித்துப் பிசறலாம். சரியான அளவை மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லட்டும். ஒன்றுக்கு முகம் புடைத்திருந்தால் அதே தீனி தின்னும் மற்றவையும் உள்ளுக்குள் குறைபட்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் தீனியை மாற்றுங்கள்.

கேள்வி: கோழித்தீவனம் மலிவாகக் கிடைக்கிறது. கொடுக்கலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கூடவே கூடாது. ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித்தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலக்கப்படுவதுண்டு. கோழிக்குப் பாதுகாப்பான அளவே குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் அப்படியே, அது மூளையைத் தாக்கும்.

கேள்வி: ஆடிச் சந்தையில் எலும்பும் தோலுமான குதிரையை வாங்கிவந்தோம். எப்படித் தேற்றுவது?
- வாசகர், பவானி

பதில்: பாவம் பார்த்து முதல் நாளே தானியம் கொட்டுவதுதான் பெரிய ஆபத்து. நெடுநாள் பட்டினியில் கிடந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் உப்புகள் சட்டெனச் சரிந்து, வந்த மூன்று முதல் ஐந்து நாளில் குதிரை விழுந்துவிடும். முதல் பத்து நாள் தானியமே வேண்டாம். குதிரைமசால் அரை கிலோ (காய்ந்த எடையில்), நான்கு மணிக்கு ஒருமுறை. நான்காம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளைகளைக் குறையுங்கள். முதல் வாரம் குடற்புழு மருந்து வேண்டாம், உடம்பு சற்றுத் தேறியபின் மருத்துவர் சொல்படி கொடுக்கலாம். மூன்று வாரம் மற்றக் குதிரைகளோடு சேர்க்காதீர்கள். வாளியும் தண்ணீர்த் தொட்டியும் தனி. மூக்கில் சளியோ புண்ணோ, தோலில் கட்டியோ கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முழுதாகத் தேற மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும்.