காலை எட்டு மணிக்குக் கிளம்பாதீர்கள்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் போகிறோம். எங்கள் பக் நாய்க்கு ஆறு வயது, ஒன்பது கிலோ எடை. காலை டிபன் முடித்து எட்டு மணிக்குக் கிளம்பி, திருச்சியில் மதியச் சாப்பாடு. ஏ.சி. கார்தான். நாங்கள் சாப்பிடும்போது கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, நாயைக் காரிலேயே விட்டுப் போகலாம் என்றிருக்கிறோம். வழியில் படுத்தாமல் இருக்கப் பாதித் தூக்க மாத்திரை போதுமா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: மாத்திரை வேண்டாம். காரில் விட்டுப் போவதும் வேண்டாம். எட்டு மணிக்குக் கிளம்புவதும் வேண்டாம். இந்த மூன்றையும் மாற்றிக்கொண்டால் நாயைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். முடியாதென்றால், அதற்குப் பழக்கமானவர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. உடம்புச் சூட்டை அது வெளியேற்றுவது இரைப்பின் வழியாக. மூக்கிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. பக்குக்கு அந்த மூக்கே மடங்கிப்போயிருக்கிறது. நாசித் துவாரம் குறுகல். மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை மறிக்கும். வெயிலில் வேகமாக இரைக்க ஆரம்பித்தால் தொண்டை வீங்கும், காற்று இன்னும் குறையும், இரைக்கிற உழைப்பே புதுச் சூட்டைக் கிளப்பும். ஷிட்சு, புல்டாக், பாக்ஸர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது உங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். வெளியே 38 டிகிரி என்றால், ஏ.சி. நின்ற கார் பத்து நிமிடத்தில் 48ஐ நெருங்கும். அரை மணியில் 55ஐத் தாண்டலாம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் இதில் குறைவது சொற்பம். புளியமர நிழலும் நம்பகமில்லை, நீங்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே அது நகர்ந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுப் போகலாமே என்பீர்கள். ஏ.சி. கம்ப்ரஸர் நின்றால் நாயால் கதவைத் திறக்க முடியாது. முறை வைத்துச் சாப்பிடுங்கள்: ஒருவர் நாயோடு வெளியே நிழலில் இருக்கட்டும். இல்லையேல் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மயக்க மாத்திரை விஷயத்தில் மருந்துக் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். நாய்களை அமைதிப்படுத்த வழக்கமாகக் கொடுக்கும் அசிப்ரோமசின் ரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் குலைக்கும். குறுகிய தொண்டையின் தசை தளர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. நாய் அமைதியாகப் படுத்திருப்பதாக நினைப்பீர்கள். அது தவிப்பது வெளியே தெரியாது. நாய் படுத்துவதற்குப் பெரும்பாலும் காரணம் குமட்டல்தான். விடாமல் உதட்டை நக்குவது, எச்சில் வடிப்பது, கொட்டாவி விடுவது எல்லாம் அதன் அடையாளம். அதற்கு மரோபிடன்ட் என்ற தனி மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவு கேட்டு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கொடுங்கள். வயிறு நிறைந்த சாப்பாடு, பயணத்துக்கு ஆறு மணி நேரம் முன்போடு சரி.

நேரத்தை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். மாலை நாலரைக்குச் சென்னையை விட்டால் இரவு பத்தரை வாக்கில் திருச்சி. நாயை அனுமதிக்கும் விடுதியா என்று முன்கூட்டியே போனில் கேட்டு உறுதிசெய்யுங்கள். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் திண்டுக்கல், வத்தலக்குண்டு தாண்டி எட்டு மணிக்குள் மலையடிவாரம். விடிய விடிய ஓட்டிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். ஓட்டுகிறவர் கண் அசந்தால் நாயோடு எல்லோருக்கும் ஆபத்து. மலையேறும்போது வண்டி இழுக்கவில்லையென்று ஏ.சி.யை அணைப்பவர்கள் உண்டு. அடிவாரச் சூட்டில் அதைச் செய்யாதீர்கள். காற்று குளிர்ந்த பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், தலை வெளியே போகாத அளவுக்கு.

நாய்க்கு இடம் பின் சீட். டிக்கியில் ஏ.சி. காற்று எட்டாது; முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் அந்த அடியே உயிரை வாங்கும். மார்பைச் சுற்றும் ஹார்னெஸ் போட்டு அதை சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் ஒரு திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். வெயில் விழும் பக்கத்துக் கண்ணாடிக்குத் திரை வேண்டும். நாய் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், முன்னால் உங்களுக்குச் சில்லென்று இருக்கும்போது அங்கே புழுங்கும்.

குடிக்க இரண்டு லிட்டர், அவசரத்துக்கு மேலே ஊற்ற ஐந்து லிட்டர் கேன் ஒன்று. கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் குடிநீரை எவர்சில்வரில் எடுங்கள்; மேலே போக இ-பாஸும் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுங்கள். நாயைக் கீழே இறக்கிவிடும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். பரோட்டா சால்னா மிச்சம் வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருங்கள். நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 104ஐத் தாண்டினால் ஆபத்து. கருவியைத் தேடும் முன்பே தெரியும் அடையாளங்கள்: கர்கர் என்ற மூச்சு, நூலாய் ஒட்டும் எச்சில், செக்கச் சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி. உடனே வண்டியை நிறுத்தி, நிழலில் கிடத்தி, கேன் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள். துண்டு சூடேறி, சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்கு மேல் குளிர்ந்தாலும் கெடுதல். காய்ச்சல் என்று நினைத்து மனிதர்களின் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்: சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

மேலே போனால் வேறு கவலை. கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டெருமை நடமாடும். நாய் குரைத்தால் அது திரும்பிப் பாயும், நாய் ஓடிவந்து உங்களிடம்தான் ஒதுங்கும். செயினை விடாதீர்கள். இரவில் நாய் அறைக்குள் படுக்கட்டும். ரேபிஸ் ஊசிச் சான்று கையில் இருக்கட்டும், உண்ணி மருந்து போட்ட பிறகே கிளம்புங்கள்.

திரும்பும் நாளில்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் குளிரில் இருந்த நாயை அறை காலி செய்யும் நேரத்தைப் பார்த்து மதியம் இறக்கினால், இரண்டே மணி நேரத்தில் இருபது டிகிரியிலிருந்து நாற்பதுக்கு வந்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் இறங்குங்கள். அன்றிரவும் திருச்சியில் தங்கி, மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுங்கள்.