தலைவருக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நம் ஜனநாயகத்தின் எல்லாக் கோளாறுகளுக்கும் அரசியல் பண்பாட்டையே காரணம் காட்டுகிறீர்கள். பண்பாடு மாற நூறு வருடம் ஆகும். கடுமையான சட்டத்தை நாளைக்கே கொண்டுவரலாம். ஏன் சட்டத்தைப் பற்றிப் பேச மறுக்கிறீர்கள்?

கி., திண்டுக்கல்

அன்புள்ள கி.,

சட்டத்தைப் பற்றியே பேசுவோம். ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கட்டாயமானது. அதன்படி 1996இல் தமிழகத்தில் தேர்தல் நடந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது; அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், மனு போட ஆள் இருக்காது. போட நினைத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள். சில சமயம் ஆதிக்கச் சாதியினரே ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யவைத்தார்கள். பத்து வருடம் இப்படியே போனது. அதே மதுரை மாவட்டத்தின் மேலவளவில், தலைவராக ஜெயித்த முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் நடந்தபோது சட்டம் அமலில்தான் இருந்தது.

2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதற்காகப் புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் வருடக்கணக்கில் விடாமல் போராடியிருந்தார்கள். அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர்க்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினார். அரசும் இந்தமுறை உறுதியாக நின்றது. ஆகவே நூறு வருடம் ஆகும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

அப்புறம் 2020. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி மன்றக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியானது, பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். படம் பரவிய பிறகுதான் வழக்குப் பதிவானது. அவரை உட்காரவைத்தவர்களுக்குச் சட்டம் தண்டனை கொடுக்கலாம். ஆனால் என்னை உறுத்துவது அந்த நாற்காலிகளில் இருந்த மற்றவர்கள். தலைவர் தரையில் இருக்கிறாரே என்று ஒருவருக்கும் கூச்சமில்லை. நான் அரசியல் பண்பாடு என்று சொல்வது இதைத்தான்.

இவ்வளவு வெளிப்படையாக இல்லாமலும் இது நடக்கும். ஊராட்சிப் பணத்தைச் செலவிடத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வந்த நல்ல விதி. துணைத்தலைவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்து ஒப்புதல் தராமல் இழுத்தடித்தால், தெருவிளக்குக்கு பல்பு வாங்கக்கூடத் தலைவரால் முடியாது. ஒரு விதியையும் மீறாமலே ஒருவரைச் செயல்படாமல் ஆக்கிவிடலாம்.

அம்பேத்கர் இதை முன்கூட்டியே பார்த்தவர். அரசியல் சட்ட ஒழுக்கம், அதாவது அந்தச் சட்டத்தின் நெறியை மதித்து நடக்கும் பழக்கம், தானாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது, நம் மக்கள் அதை இன்னும் கற்கவில்லை என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தவரே சொன்னது அது.

சட்டம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இட ஒதுக்கீடு இல்லையென்றால் பாப்பாபட்டியில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆனால் அதோடு நம் வேலை முடிந்துவிடாது. அக்டோபர் 2 அன்று உங்கள் ஊர் கிராம சபைக்குப் போங்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாமல், வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தலைவர் பேசும்போது யார் குறுக்கிடுகிறார்கள், யாரைப் பார்த்துவிட்டு அவர் பதில் சொல்கிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.