இணையவழிச் சிமுலேஷன் மென்பொருள் பற்றிய கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தால், மென்பொருளையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமா?

ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். கட்டுரையை முழுதாக வாசித்து முடிக்கும் முன்பே ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

மற்ற வாசகர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வவுனியாவில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். உலாவியில் ஓடும் சிமுலேஷன் மென்பொருள், அதாவது நிஜ நிகழ்வொன்றைக் கணினியில் போலச் செய்து காட்டும் மென்பொருள், ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை முதல்தடவையாக அவருக்கு மதிப்பாய்வுக்கு வந்திருக்கிறது. வாசித்துக் கருத்து எழுதினால் போதாதா, இங்கே இருக்கிற இணையத் தொடர்பில் மென்பொருளையும் இயக்கிப் பார்ப்பது நடக்கிற காரியமா என்பது அவருடைய சந்தேகம். நானும் வன்னியில் கணினி படிப்பிக்கிறவன்தான். இந்த வகைக் கட்டுரைகள் எனக்கும் வரும்.

முதலில் ஒரு சின்ன வேலை. கேள்வியின் கீழே அந்த மென்பொருள் என்ன செய்யும், எந்த நாட்டுக் குழு எழுதியிருக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள். மதிப்பாய்வுக்கு வந்த பிரதியைப் பற்றிப் பொது இடத்தில் பேசக் கூடாது. அதே காரணத்தால் அதைச் சாட்ஜிபிடி போன்ற எதிலும் ஏற்றிச் சுருக்கம் கேட்கவும் கூடாது. எல்சேவியர் போன்ற பெரிய பதிப்பகங்கள் இதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி விண்ணப்பங்களின் மதிப்பாய்வுக்கும் 2023 இல் அதே தடையைக் கொண்டுவந்தன. நான் கீழே சொல்லும் உதாரணங்கள் எந்தக் கட்டுரையிலிருந்தும் எடுத்தவை அல்ல. பாடநூல் கணக்குகளையும் நம்முடைய குளங்களையும் வைத்து நானே சோடித்தவை.

ஏன் ஓட்ட வேண்டும்? வழக்கமாக ஒரு கட்டுரையை இரண்டு மூன்று பேர் மதிப்பிடுவார்கள். மென்பொருளை மற்றவர் திறந்து பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, அறிமுகத்தில் மேற்கோள் போதாது, படம் தெளிவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வேறு துறைகளில் ஆய்வுகூடக் கருவியைத் தேடிப் போய்ப் பார்க்க முடியாது, அங்கே அது நியாயம். இங்கே கருவியே ஓர் இணைப்பாக உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. இணைப்பு இல்லையென்றாலோ, திறந்தால் பிழைச்செய்தி வந்தாலோ, அறிக்கை எழுத உட்காராமல் அன்றைக்கே பதிப்பாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர் கேட்டு வாங்கித் தருவார்.

திறப்பதற்கு முன் கவனிக்க இன்னொன்று இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. மென்பொருள் எழுதியவர்களின் சொந்தச் சேவையகத்தில் இருந்தால், யார் எங்கிருந்து திறந்தார்கள் என்பது அங்கே பதிவாகும். அமெரிக்காவிலிருந்து ஒருவர் திறந்தால் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடுவார். இலங்கையில் இந்தத் துறையில் மதிப்பாய்வு செய்பவர்கள் எத்தனை பேர்? கட்டுரை இன்னும் வெளிவராத நிலையில் இலங்கை ஐ.பி. முகவரி ஒன்று கண்ணில் பட்டால் ஆளை ஊகிப்பது பெரிய கஷ்டமில்லை. மூலநிரலைப் பதிப்பாசிரியர் வழியாக வாங்கி உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டுவதுதான் பாதுகாப்பு. மின்னஞ்சல் கொடுத்துப் பதிவுசெய்யச் சொல்லும் தளமென்றால் உங்கள் பல்கலைக்கழக முகவரியைக் கொடுக்காதீர்கள், பரீட்சார்த்தக் கணக்கொன்று கேளுங்கள். இரு பக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வில் எதிர்மாறான சிக்கல் வரும்: முகப்புப் பக்கத்திலேயே ஆசிரியர்களின் பல்கலைக்கழக இலச்சினை பளிச்சென்று இருக்கும். கண்டுவிட்டேன் என்று பதிப்பாசிரியரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அது அறிவியல்நகர் பொறியியல் பீடமாகவோ யாழ்ப்பாணமாகவோ இருந்தால் இன்னும் கவனம். வவுனியாவே 2021 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்ததால், நம்மில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரோடு சேர்ந்து எழுதியவர்கள். தெரிந்தவர் என்றால் விலகிக்கொள்வதே மரியாதை.

சரி, திறந்தாயிற்று. இப்போது கட்டுரை எதைச் சாதித்ததாகச் சொல்கிறது என்று பாருங்கள். இப்படி ஒரு மென்பொருள் கட்டினோம் என்பது ஒரு வகை. இது உலகத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பது வேறு. இதைப் பாவித்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றார்கள் என்பது முற்றிலும் வேறு. நான் பார்த்தவரையில் இந்த வகைக் கட்டுரைகள் மென்பொருள் மோசம் என்பதால் விழுவது குறைவு. இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலாவதற்கு மட்டும் ஆதாரம் காட்டுவதால்தான் விழுகின்றன. பத்துப் பக்கத்துக்குக் கட்டமைப்பு வரைபடமும் திரைப்பிடிப்புகளின் அணிவகுப்பும் இருக்கும். கணிப்பு சரியா என்று ஒரு அட்டவணைகூட இருக்காது.

அதைச் சோதிக்க, விடை உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த கணக்கொன்றை அதனிடம் கொடுங்கள். ஊசல் என்றால், 1 மீட்டர் நீளம், 9.81 ஈர்ப்பு, சிறிய கோணம். அலைவுகாலம் ஏறத்தாழ 2.01 செக்கன் வர வேண்டும். பிறகு 90 பாகையில் பிடித்து விடுங்கள். அலைவுகாலம் சுமார் 18 சதவீதம் கூடி 2.37 செக்கனாக வேண்டும். 2.01 இலேயே நின்றால் உள்ளே இருப்பது உயர்தரப் பாடநூலின் சிறுகோணச் சமன்பாடு, கட்டுரையில் என்ன பெயர் சூட்டியிருந்தாலும். உராய்வைப் பூச்சியமாக்கி நீண்ட நேரம் ஓடவிட்டால் வீச்சு மெல்ல மெல்லக் கூடுகிறதா? அப்படியென்றால் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது காலப்படிகளாக, நகர்த்திக் கணிக்கும்போது எளிய ஒயிலர் முறையைப் பாவித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வைத்தியசாலை வரிசை என்றால், மணிக்குச் சராசரி 4 பேர் புவசோன் பரம்பலில் (ஒருவர் வருவது மற்றவர் வருவதைச் சாராமல்) வருகிறார்கள், ஒரேயொரு வைத்தியர், அவர் ஒருவரைப் பார்க்கும் நேரம் அடுக்குக்குறிப் பரம்பலில் (பலருக்குக் குறைவாக, சிலருக்கு மிக நீளமாக) மாறும், மணிக்குச் சராசரி 5 பேரைப் பார்ப்பார் என்று கொடுங்கள். நீண்ட ஓட்டத்தில் ஒருவர் வரிசையில் காத்திருக்கும் நேரம் சராசரியாக 48 நிமிடத்தை நெருங்க வேண்டும்.

குளமென்றால் நமக்கு இன்னும் லேசு. ஆவியாதல், பொசிவு இரண்டையும் பூச்சியமாக்கி, துருசையும் (வயலுக்கு நீர் விடும் மதகு) வான்கதவுகளையும் (மிகைநீரை வெளியேற்றும் கதவுகள்) மூடி, மழையை நிறுத்தினால் நீர்மட்டம் அசையக் கூடாது. பிறகு 1 சதுர கிலோமீட்டர் நீரேந்துபரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து அவ்வளவும் குளத்துக்கு வருகிறது என்று கொடுங்கள். 100,000 கன மீட்டர் கூட வேண்டும். இது சரிவந்த பிறகுதான் ஊர் அறிவுக்கு வேலை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் கமக்காரர்கள் வாதாடுவதைப் பார்த்த ஒருவருக்கு, துருசைத் திறந்த உடனேயே கடைசி வாய்க்கால் வயலுக்கும் பங்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும் என்று காட்டுகிற கணினி மாதிரி எங்கே பிசகுகிறது என்று தெரியும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று எவ்வளவு சர்ச்சை நடந்தது! கதவு திறக்கும் நேரத்தைப் பாவனையாளர் மாற்றிப் பார்க்கவே முடியாத ஒரு வெள்ளச் சிமுலேஷன் எதற்கு என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். வேறு நாட்டு மதிப்பாய்வாளருக்கு அந்தக் கேள்வி தோன்றாமல் போகக்கூடும்.

அப்புறம், உலாவியில் ஓடுவதாலேயே வரும் கோளாறுகள் சில உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது எண்களின் துல்லியம். வேகம் வேண்டும் என்று கணக்கை, உலாவியிலிருந்து வரைகலைச் செயலியைப் பாவிக்க உதவும் வெப்ஜிஎல் வழியாக, அந்தச் செயலியில் ஓட்டுவார்கள். அங்கே எண்கள் பொதுவாக 32 பிட், ஏறத்தாழ 7 இலக்கத் துல்லியம்தான். 100 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் நிற்கும் ஒரு பெருங்குளத்தின் கொள்ளளவை அப்படியொரு எண்ணாக வைத்தால், அந்த இடத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி 8 கன மீட்டர். செக்கனுக்கு 3 கன மீட்டர் வரத்து என்று ஒவ்வொரு செக்கனும் கூட்டிக்கொண்டே போனால், 3 அந்த 8 இன் பாதிக்கும் குறைவு என்பதால் பழைய எண்ணுக்கே முழுதாக்கப்பட்டுக் கூட்டுத்தொகை அசையாது. நாள் முழுக்க ஆறு பாயும், 259,200 கன மீட்டர் காற்றோடு போய்விடும், திரையில் அலை மட்டும் அழகாக அடிக்கும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட், அதில் இந்தச் சிக்கல் வராது. எனவே எந்தப் பகுதி எங்கே கணிக்கப்படுகிறது என்று கட்டுரை சொல்லியே ஆக வேண்டும்.

திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காலப்படி என்று எழுதிவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒழுங்காக ஓடுவது 144 ஹேர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகமாக ஓடும், வேறு தாவலுக்குப் போனால் நின்றுவிடும். ஒரு மடிக்கணினியிலும் ஒரு பழைய தொலைபேசியிலும் அருகருகே ஓடவிட்டாலே பிடிபட்டுவிடும். எழுமாற்று எண்களையும் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்டோடு வரும் மேத்.ரேண்டம் சார்புக்கு விதை எண் (அதே எழுமாற்று வரிசையைத் திரும்பப் பெறக் கொடுக்கும் தொடக்க எண்) கொடுக்க வழியில்லை. அதை வைத்து எடுத்த முடிவுகளை எழுதியவர்களாலேயே திரும்ப எடுக்க முடியாது. விதை எண் ஏற்கும் வேறொரு பிறப்பாக்கியைப் பாவித்து, பாவித்த விதைகளையும் கொடுக்கச் சொல்லலாம்.

இனி உங்கள் இணைய வேகம். அதைக் குறையாக நினைக்காதீர்கள், மதிப்பாய்வுக்கு அது நல்ல கருவி. இந்த வகைக் கட்டுரைகளில் எங்கும், எவரும், எந்தச் சாதனத்திலும் என்ற வாக்கியம் எங்காவது வந்தே தீரும். உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் தொலைபேசி டேட்டாவில் திறந்து பாருங்கள். முதல் தடவை எத்தனை மெகாபைட் இறங்குகிறது என்று உலாவியின் உருவாக்குநர் கருவியில் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி ஓட்டத்தில் டேட்டாவை நிறுத்துங்கள். செய்த வேலை அப்படியே இருக்கிறதா, வெள்ளைத் திரையா? கணிப்பு சேவையகத்தில் நடப்பதென்றால் ஓட்டம் தடைப்படுவது இயல்பு, ஆனால் அப்போது "எங்கும்" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் முடியாத காரியம் என்று பதில் வந்தால், கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய ஃபெட் என்ற இலவச அறிவியல் சிமுலேஷன்களைச் சுட்டிக்காட்டுங்கள். அவற்றின் எச்டிஎம்எல்5 வடிவங்களைத் தரவிறக்கி இணையமே இல்லாமல் வகுப்பில் ஓட்டலாம்.

மாணவர் கற்றார்கள் என்று சொல்லும் பகுதியில் நான் அதிகம் மினக்கெடுவதில்லை. பெரும்பாலும் எழுதியவரின் சொந்த வகுப்பு, பாவித்து முடித்ததும் ஒரு வினாக்கொத்து, பிடித்திருந்தது என்று பதில். பயன்பாட்டு எளிமையை அளக்கும் எஸ்.யு.எஸ். என்ற 10 கூற்று வினாக்கொத்தில் 75 எடுத்தால், சராசரியாகச் சொல்லப்படும் 68 ஐ விட மேல் என்பது உண்மை. அது கற்றலுக்குச் சான்றல்ல. முன்சோதனை, பின்சோதனை, ஒப்பிட இன்னொரு வகுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்த முடிவைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஆயுள் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். உலாவியில் அசைபடங்களை ஓட்ட உதவிய ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியபோது எத்தனையோ கட்டுரைகளின் மென்பொருள் திறக்க முடியாமல் போனது. ஜாவா அப்லெட்டுகளுக்கு அதற்கு முன்பே அந்தக் கதி. கட்டுரையில் வரும் பதிப்பை ஸெனோடோ போன்ற காப்பகத்தில் வைத்து நிரந்தர அடையாள எண் வாங்கச் சொல்வது பெரிய சுமையல்ல, இலவசம்தான்.

அறிக்கையை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், 2016 இல் தொடங்கிய ஜேர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சொஃப்ட்வெயர் என்ற இதழின் மதிப்பாய்வுகள் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கின்றன, அவற்றை வாசியுங்கள். மதிப்பாய்வாளர் நிறுவிப் பார்த்து, ஓடவில்லை என்று சொல்லி, எழுதியவர் திருத்தி, திரும்ப ஓட்டிப் பார்ப்பது வரை அதில் இருக்கும். உங்கள் அறிக்கையில் எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்தச் சாதனம், எந்தத் திகதி, என்ன உள்ளீடு, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். "மாதிரி நம்பகமாக இல்லை" என்ற வரிக்கு எழுதியவர் என்ன பதில் சொல்ல முடியும்? "90 பாகையில் 2.01 செக்கன் வருகிறது" என்றால் அவர் போய்த் திருத்துவார். ஏற்கலாம், நிராகரிக்கலாம் என்ற உங்கள் பரிந்துரை பதிப்பாசிரியருக்கான பெட்டிக்குள் மட்டும் இருக்கட்டும். ஆங்கிலப் பிழைகளைப் பட்டியல் போட வேண்டாம். நம்மைப்போல ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவராகவும் இருக்கலாம், அது உங்கள் வேலையுமல்ல.

திருத்திய பிரதி வரும்போது பதில் கடிதத்தை மட்டும் வாசித்து ஒப்பம் போடாதீர்கள். அதே உள்ளீடுகளைப் புதிய பதிப்பில் திரும்பக் கொடுங்கள். கடிதத்தில் திருத்தியாயிற்று என்று இருக்கும், சேவையகத்தில் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும்.