கப்பல் வந்தாச்சு, சரக்கு எங்கே?

கேள்வி: கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் சரக்கு கைக்கு வர நாள் கணக்கில் ஆகிறது. துறைமுகத்தில் எதற்கு இத்தனை கம்பெனிகள்? எல்லாவற்றையும் ஒரே கம்பெனி பார்த்தால் சீக்கிரம் முடியாதா?

பதில்: முடியாது. கப்பலை உள்ளே கொண்டுவர பைலட் என்ற வழிகாட்டியும் இழுவைப் படகுகளும், கண்டெய்னர் பெட்டிகளை இறக்கி அடுக்க டெர்மினல் என்ற சரக்குத்தளம், கப்பல்காரருக்காகக் கரையில் பேச ஒரு ஏஜெண்ட், சரக்குக்காரருக்காகச் சுங்கத்தில் பேச இன்னொருவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. இதில் கப்பல்காரருக்காகப் பேசுபவரே உங்களுக்காகவும் பேசினால், பாக்கி விஷயத்தில் யார் பக்கம் நிற்பார்?

கிரேன் ஒரு பெட்டியை இறக்க இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். இழுபறி எல்லாம் அதற்கு அப்புறம். சரக்கைக் கொடுக்கலாம் என்ற டெலிவரி ஆர்டரைக் கப்பல் கம்பெனி தரவேண்டும், அதற்கு முன் சரக்கை ஏற்றியபோது கொடுத்த ரசீதான அசல் பில் ஆஃப் லேடிங் அதன் கைக்குப் போகவேண்டும், அதுவோ பல நேரம் பணம் கட்டும்வரை பேங்கிலேயே கிடக்கும். நடுவில் சுங்கமும் விடவேண்டும். இலவச நாட்கள் தீர்ந்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, எல்லாம் முடிந்து லாரி கேட்டுக்குப் போகிறது. பெட்டி எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம். ஒன்று மாறியிருந்தாலும் கேட் திறக்காது, டிரைவர் ஓரங்கட்டிவிட்டு ஃபோனும் கையுமாக நிற்கவேண்டியதுதான். கடைசி இலக்கம் முந்தைய நாலு எழுத்தையும் ஆறு இலக்கத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது, அதனால் தப்பாக அடித்தால் பெரும்பாலும் உடனே மாட்டிக்கொள்ளும்.

ஒரே தகவலை ஒவ்வொருவரும் தனித்தனியாக அடிப்பதால்தானே இந்தத் தொல்லை? அதற்காகவே ஹாம்பர்க் துறைமுகத்துக்காரர்கள் சேர்ந்து 1982-லேயே டகோசி என்ற பொதுக் கம்பெனியைத் தொடங்கினார்கள், சிங்கப்பூரில் 1989-ல் டிரேட்நெட் என்ற பொதுக் கணினி முறை வந்தது. கப்பலின் வருகை, புறப்பாட்டுத் தகவல்களை ஒரே மின்வாசல் வழியாகத் தரும் முறையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் கணினி வந்தால் மட்டும் வேலை நடந்துவிடாது. கப்பல் ஒரு நாள் தாமதம் என்று தெரிந்தும் லாரிக்காரருக்குச் சொல்லாமல் இருப்பவரை எந்த மென்பொருள் திருத்தும்?

கேள்வி: நான் சரக்கை அனுப்பியது ஒரு கம்பெனியில், வந்த கப்பலில் இன்னொரு கம்பெனியின் பெயர். ஏமாற்றா?

பதில்: இல்லை. போட்டியாளர்களே கப்பலில் இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். மேர்ஸ்க்கும் ஹபாக்-லாய்டும் 2025 பிப்ரவரி முதல் ஜெமினி என்ற பெயரில் அப்படித்தான் ஓட்டுகின்றன. கட்டணத்தை மட்டும் அவரவர் வாடிக்கையாளரிடம் தனித்தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். கப்பலின் பெயரைப் பார்த்து ஏஜெண்டைத் தேடாதீர்கள். உங்கள் பில் ஆஃப் லேடிங்கைக் கொடுத்தது யாரோ, அவருடைய ஏஜெண்டிடம்தான் டெலிவரி ஆர்டர் கிடைக்கும்.